மூன்றாம் ஓலைக்கு முன்

சாத்தான்குளம்
31 ஜூலை 2025

திரு. நேசக்குமார் அவர்களுக்கு,

நேற்றுவரை அத்தான் என்று எழுதிய கை இன்று திரு. போடுகிறது. அதற்கு நீங்களேதான் காரணம்.

நேற்றுக் காலை ஆறு பத்துக்கு உங்களிடமிருந்து வந்த செய்தியை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் அதைப் படிக்காமலே அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

“நிச்சயமாக! உங்கள் வருங்கால மனைவிக்கு அனுப்ப, முத்து நகரின் கடல் மணம் கமழும் ஒரு காலை வாழ்த்து இதோ. இன்னும் உருக்கமாக வேண்டுமா?”

அதற்குக் கீழே என் கண்கள் இரண்டும் முத்து என்று நான்கு வரி.

வேண்டாம். இதுவரை உருகியதே போதும். நிச்சயம் முடிந்து நாற்பத்தெட்டு நாள். தினமும் காலையில் மூக்குக்கண்ணாடிக் கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஷட்டரைத் தூக்காமல் வாசலிலேயே நின்று உங்கள் செய்தியைப் படித்திருக்கிறேன். ஒரு போன் எழுதியதைப் படித்துவிட்டுத் தெருவில் நின்று சிரித்திருக்கிறேன்.

காலை வாழ்த்துகள் போகட்டும். ரோஜாப்பூ படம் அனுப்புகிற சித்தப்பாக்கள் எனக்கும் பதினோரு பேர் இருக்கிறார்கள். ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். ஜூலை இரண்டாம் தேதி அப்பாவைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் சாயங்காலம் அப்பா டீயில் முக்கி ஒரு பன் கேட்டதையும், சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று நான் தர மாட்டேன் என்றதையும், விடிந்தபோது அவர் இல்லாததையும். அம்மாவிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. மூன்று மணி நேரம் கழித்து உங்கள் பதில் வந்தது: “நீ மறுத்தது பன்னை அல்ல ஜெபி, மரணத்தை. அப்பா கேட்டது பசியால் அல்ல, உன் கை பக்கத்தில் வேண்டும் என்பதால்.”

அதை என் வேதாகமத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அது யார் எழுதியது?

போனில் சொல்ல வேண்டாம், போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டேன். பேனாவால் எழுதுங்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி கோயிலில் நம் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை. அடுத்த இரண்டு ஞாயிறுகளிலும் வாசிப்பார்கள். நேசக்குமாருக்கும் ஜெபிஷாவுக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சபை ஐயர் மூன்று தடவை கேட்பார். தடை சொல்வதற்கு எனக்கும் வாய் இருக்கிறது.

ஜெபிஷா


தூத்துக்குடி
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெபிஷாவுக்கு,

தோத்திரம் என்று எழுதிவிட்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இது நான்காவது தாள்.

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பத்து வருஷமாகக் கையெழுத்துப் போட மட்டும்தான் பேனா பிடிக்கிறேன். துறைமுகத்துக் கட்டுப்பாட்டு அறையில் எனக்குப் பேச்சும் கம்மி. வருகிற கப்பல்காரனிடம் ரேடியோவில் பதினைந்து இருபது இங்கிலீஷ் வாக்கியம் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். பெயர் என்ன, நீளம் என்ன, எங்கே நங்கூரம் போடுகிறாய். எட்டு மணி நேரம் அதுதான். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் போனில் இருநூறு செய்தி கிடக்கும். இதற்கு நடுவில் உனக்கு எதை எழுத, எப்படி எழுத என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதுகிறவை நன்றாக இருந்தன. நான் எழுதியது “சாப்பிட்டியா” என்று இருந்தது. அதற்கு மேல் வரவில்லை. அதனால்தான் போனில் இருக்கிற ஏஐயிடம் எழுதித் தரச் சொன்னேன்.

கூட வேலை பார்க்கிற வீரபாகு நான் எழுதுவதை எட்டிப் பார்த்தான். “ஏலே நேசா, லீவ் லெட்டரா எழுதுத? இவ்வளவு வேர்க்குது” என்றான்.

தப்புதான். மன்னித்துக்கொள். இனிமேல் அந்தச் சனியனைத் தொட மாட்டேன்.

உன்
நேசக்குமார்


சாத்தான்குளம்
11 ஆகஸ்ட் 2025

நேசக்குமார் அவர்களுக்கு,

கேள்விக்குப் பதில் எழுதாமல் மன்னிப்பு மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நான் பதில்தான் கேட்டேன்.

நேற்று முதல் ஓலை வாசித்தாயிற்று. ஓலை வாசிக்கிற அன்று பெண் கோயிலில் இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏஞ்சலின் பெரியம்மா என்னை அடுப்படியிலேயே உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். காற்று வாட்டமாக அடித்தால் கோயில் ஒலிபெருக்கி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். இப்போது ஆடிக்காற்று எதிர்த்திசையில். என் பெயரைச் சொன்னது கேட்கவில்லை. தேரி மணல்மேட்டிலிருந்து செம்மண் மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. தட்டில், தண்ணீர்ச் செம்பில், என் இமையில். வீடு முழுக்க லேசாகச் சிவந்து போயிற்று. ஆளில்லாத ஒரு கனவுக்குள் நான் மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

போனை அணைத்து இன்றோடு பன்னிரண்டு நாள். முதல் மூன்று நாள் கை தானாக இடுப்பைத் தேடியது. இப்போது காதில் புது இடம் கிடைத்த மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீனித்தாய் அக்கா முறத்தில் உளுந்து புடைப்பது கேட்கிறது.

கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன வாரம் ஒரு லாரி டிரைவர் கண் பரிசோதனைக்கு வந்தார். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமாம். சுவரில் இருக்கிற அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தார். எனக்குச் சந்தேகம் வந்து வேறொரு அட்டையை மாட்டினேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார். வரிசையில் நிற்கும்போது முன்னால் இருந்தவர் வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறார். “தெரியலைன்னு சொன்னா வண்டிய புடுங்கிருவாங்கம்மா” என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சரியான லென்ஸைப் போட்டுவிட்டதும் அந்த மனுஷன் அட்டையைப் பார்க்கவில்லை. வெளியே பஸ் ஸ்டாண்டில் நின்ற வேப்பமரத்தைத்தான் பார்த்தார். இலை தெரிகிறது என்றார்.

உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். அழகாக வேண்டாம். நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள். பிறகு அந்த ஜூலை இரண்டுக்குப் பதில் எழுதுங்கள்.

ஜெபிஷா


தூத்துக்குடி
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெபிஷா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலை ஷிப்டுக்குப் போனேன்.

எங்கள் திரையில் ஒவ்வொரு கப்பலும் ஒரு சின்ன முக்கோணம். பக்கத்தில் பெயரும் வேகமும் எண்களாக ஓடும். ஒரே நேரத்தில் முப்பது முக்கோணம் இருக்கும். எத்தனையோ கப்பலை உள்ளே விட்டிருக்கிறேன், வெளியே அனுப்பியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் பாதியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

இன்று வீரபாகுவைத் திரைமுன் உட்கார வைத்துவிட்டுப் பைனாகுலரோடு வெளி மாடத்துக்குப் போனேன். விடிந்து கொஞ்ச நேரம்தான். முயல் தீவுப் பக்கம் கடலும் வானமும் ஒரே பால் நிறம், நடுவில் கோடு இல்லை. நிலக்கரி ஏற்றிய ஒரு கப்பல் நங்கூரத்தில் நின்றது. திரையில் அதன் நீளம் நூற்றுத் தொண்ணூறு மீட்டர் என்று போட்டிருந்தது. நேரில் பார்த்தால் அது தண்ணீரில் நிற்கவில்லை. தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, பனிமூட்டத்தில் சும்மா தொங்கியது. எந்தச் சத்தமும் இல்லை. பின்பக்கம் ஒரு ஆள் சிவப்புச் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டான். போட்டுவிட்டுக் கரையைப் பார்த்து நின்றான். அவனுக்கு இந்த ஊர் என்னவென்று தெரிந்திருக்குமோ என்னவோ. எனக்கு ஏனோ அவனுக்குக் கை காட்ட வேண்டும்போல் இருந்தது. காட்டினேன். அவ்வளவு தூரத்தில் அவனுக்கு என்னைத் தெரிந்திருக்காது.

உள்ளே வந்தால் வீரபாகு, “என்னலே, பொண்ணு கப்பல்லயா வருது?” என்றான்.

கண்ணால் பார்த்ததை எழுதியாயிற்று. இதுவும் ஒரு கடிதம்தானா என்று தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: ஜூலை இரண்டாம் தேதி உன் அப்பாவைப் பற்றி வந்த பதில் நான் எழுதியதுதான். அது மட்டும் நான் எழுதியது. நீ கவலைப்பட வேண்டாம்.

உன்
நேசன்


சாத்தான்குளம்
18 ஆகஸ்ட் 2025

அத்தானுக்கு,

பாருங்கள், தானாக வந்துவிட்டது. அடிக்காமல் விட்டுவிடுகிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை கடைக்கு வந்தது. பவர் பார்க்க உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிக்கு “இது தெளிவா, அது தெளிவா” என்று கேட்டுக்கொண்டே அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பாட்டிக்குப் பொறுமை போய், “எனக்கு ரெண்டும் தெளிவுதான் தாயி, நீ மொதல்ல கண்ணத் தொடச்சிக்கோ” என்றார்.

எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை. இரண்டு வாரமாக வேதாகமத்தைத் திறக்கவே பயந்திருந்தேன். அந்தப் பக்கத்தை மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

அன்று ராத்திரி வந்த கனவைச் சொல்லவா? தேரி மணல் எல்லாம் நகர்ந்து நகர்ந்து கடலுக்குள் போகிறது. நானும் அதோடு நடக்கிறேன், தண்ணீருக்கு உள்ளேயும் மூச்சு முட்டவில்லை. அடியில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பஸ் டிப்போவில் போடுகிற காக்கிச் சட்டை. நான் அட்டையைக் காட்டுகிறேன். கடைசி வரிவரை நிதானமாக வாசிக்கிறார். மேலே, எங்கள் தலைக்கு மேலே, உங்கள் கப்பல் தொங்குகிறது. சிவப்புச் சட்டை காய்கிறது.

நேற்று இரண்டாவது ஓலை. உங்கள் ஜெயஷீலா அத்தை அதை முடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், தெரியுமா? கல்யாணத்துக்கு ஒரு முத்துமாலை கொண்டுவந்தார்கள். பழைய மாலை, அவர்கள் மாமியார் போட்டதாம். எங்கள் பெரியம்மா சும்மா இருப்பார்களா? “அசலா போலியான்னு பல்லுல ஒரசிப் பாரு, ஏளா” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். அத்தை முகம் சுண்டிப் போயிற்று. நான் வேறு வழியில்லாமல் ஒரு முத்தை முன்பல்லில் உரசினேன். மெல்லிய மணல் மாதிரி நறநற என்றது. போலி என்றால் கண்ணாடி போல வழுக்கிக்கொண்டு போகுமாம். நறநறத்தால்தான் அசல். எனக்கு உங்கள் கடிதம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். கோணல் எழுத்து, ‘ல’வும் ‘வ’வும் ஒரே மாதிரி, நங்கூரத்தில் ஒரு அடித்தல்.

நீங்கள் உண்மை சொன்ன பிறகு நான் மட்டும் மறைக்கக் கூடாது. உங்களுக்கு அனுப்பிய போட்டோவில் என் புருவம் முழுசாக இருக்கிறது. நிஜத்தில் அதை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு இருக்கிறது, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது. ஸ்டுடியோவில் அதை அழித்துத் தந்தார்கள். பெரியம்மாதான் சொன்னார்கள், ஆனால் எனக்கும் அது பிடித்திருந்தது. நிச்சயத்தன்று பார்லர் பெண் அப்பி மறைத்தாள். இந்தத் தழும்போடுதான் நீங்கள் என்னைக் கல்யாணம் பண்ண வேண்டும். போலி என்று உங்களைத் திட்டின வாய் இது, கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள்
ஜெபி


தூத்துக்குடி
20 ஆகஸ்ட் 2025

ஜெபிஷா,

நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழுத மாட்டேன்.

ஜூலை இரண்டாம் தேதிப் பதிலை நான் எழுதவில்லை. அதுவும் அந்தப் போன் எழுதியதுதான். போன கடிதத்தில் நான் சொன்னது பொய்.

நீ முத்தைப் பல்லில் உரசினதைப் படித்தேன். அன்றைக்கு உனக்குப் போன பதிலை நான் மனதில் சொல்லிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. இதை நம்பி நீ வேதாகமத்தைத் தொட்டுப் பார்க்கிறாய். கப்பலைப் பற்றி எழுதினது எல்லாம் நிஜம். அந்தக் கடைசி இரண்டு வரிதான் பொய். அதில் மட்டும் ஒரு அடித்தல்கூட இல்லை, பார்.

அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். இதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.

காலை ஷிப்ட் முடிந்து துறைமுக வாசலுக்கு வந்தபோது உன் செய்தியைப் படித்தேன். படித்துவிட்டு அப்படியே நின்றேன், பின்னால் வந்த கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எதிரே டீக்கடை. போய் ஒரு டீயும் இரண்டு பன்னும் வாங்கினேன். ஏன் இரண்டு என்று எனக்குத் தெரியாது. கடைக்கார அண்ணாச்சிகூட, “யாரும் வாராங்களா?” என்று கேட்டார். ஒன்றை டீயில் முக்கித் தின்றேன். நான் அப்படித் தின்கிற ஆள் இல்லை, எனக்கு டீயில் பன் முக்கினால் பிடிக்காது. உன் அப்பாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பார்த்தேன். பாதி பன் டீயில் விழுந்து கரைந்துவிட்டது. விரலை விட்டு எடுத்தேன், சுட்டுவிட்டது.

இன்னொரு பன்னைத் தாளில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். அதை யாரும் தின்னவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. தூக்கிப் போடவும் மனசு இல்லாமல் அலைத்தடுப்புக் கல்சுவருக்குக் கொண்டுபோய்க் கடலில் பிய்த்துப் போட்டேன். மீன்கள்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் வந்தன.

டீக்கடையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. நான் படித்துவிட்டேன் என்று உனக்குத் தெரியும், பதில் இல்லை என்றால் என்ன நினைப்பாய் என்று பயந்துபோய் அந்தப் போனிடம் கேட்டேன். அது ஒரு நொடியில் எழுதித் தந்தது. என்னைவிட நன்றாக எழுதியிருந்தது. இரண்டு பன் வாங்கினேன் என்று உனக்கு எழுதினால் நீ என்னை என்னவென்று நினைப்பாய்? யாராவது பன் தின்ற கதையை ஆறுதலாக எழுதுவார்களா?

மூன்றாவது ஓலை ஞாயிற்றுக்கிழமை. நீ தடை சொன்னால் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தடை சொல்லிவிடாதே. எனக்கு நீ வேண்டும்.

அந்தத் தழும்பு எந்தப் பக்கம்? உனக்கு இடது பக்கமா, எதிரே நின்று பார்க்கிற எனக்கு இடது பக்கமா? கப்பலுக்கு என்றால் யார் எங்கே நின்று பார்த்தாலும் அதன் இடது இடதுதான், குழப்பம் இல்லை.

நேசக்குமார்


சாத்தான்குளம்
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு மத்தியானம்

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேர் போட்டு ஆரம்பிக்க இப்போது மனசில்லை, எழுதிக்கொண்டே போகிறேன்.

முதல் பொய்யைவிட இரண்டாவது பொய் வலித்தது. அந்த ஆறு நாள் சந்தோஷத்தை நினைத்தால் அவமானமாக இருந்தது. கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிவிட்டேன்.

இன்று காலை பெரியம்மா வழக்கம்போல் அடுப்படியைக் காட்டினார்கள். நான் சேலை உடுத்திக்கொண்டு கிளம்பிவிட்டேன். “ஏளா, ஓலை வாசிக்கிற அன்னைக்குப் பொண்ணு வரப்பிடாது” என்று தெருமுனைவரை சொல்லிக்கொண்டே கூட வந்தார்கள். நான் எழுந்து நிற்கத்தான் போனேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தடை உண்டா என்று ஐயர் கேட்கும்போது உண்டு என்று சொல்வதற்குத்தான் போனேன்.

கோயிலில் காற்று மட்டும்தான் பெரிதாகக் கேட்டது. ஜன்னல் வழியாகச் செம்மண் வந்து பாட்டுப் புத்தகங்கள் மேலெல்லாம் படிந்தது. ஐயர் ஓலை எடுத்தார். தூத்துக்குடிச் சபையைச் சேர்ந்த நேசக்குமார் என்றார், என் பெயரைச் சொன்னார். அது யாரோ இரண்டு பேர் பெயர் மாதிரி, தூரத்துத் தண்ணீரில் மிதந்து வந்தது. தடை அறிந்தவர் யாராகிலும் இருந்தால், என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். மற்ற நாள் எவ்வளவு நேரம் நிறுத்துவாரோ தெரியாது. இன்று ரொம்ப நேரம் நிறுத்தின மாதிரி இருந்தது.

கோபம் தணிந்துவிடக் கூடாது என்று வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். நீ மறுத்தது பன்னை அல்ல, மரணத்தை. வாசித்தேன். ஒன்றும் வரவில்லை, அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அதற்கு மேலே அந்தப் பூசணம் பூத்த பன்தான் வந்து நின்றது. நீங்கள் சூடு டீயில் விரல் விட்டது. யாரும் வாராங்களா என்று அந்த அண்ணாச்சி கேட்டது. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் என் அப்பாவுக்கென்று யாரும் ஒரு பன் வாங்கவில்லை, நான்கூட. அதை நினைத்ததும் எனக்கு உடம்பு குலுங்கி அழுகை வந்துவிட்டது. பெரியம்மா தொடையில் கிள்ளி, “எந்திரிச்சிராத, எந்திரிச்சிராத” என்று முணுமுணுத்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. ஐயர் அடுத்த ஓலைக்குப் போய்விட்டார்.

அந்தப் பக்கத்தில் இருந்ததைப் பென்சிலால் அடித்துவிட்டேன். கீழே எழுதியிருக்கிறேன்: “ஜூலை 2. இரண்டு பன் வாங்கினார். ஒன்றை டீயில் முக்கித் தின்றார். பிடிக்காது.”

தழும்பு என் இடது புருவத்தில். உங்களுக்கு வலது பக்கம் தெரியும். பார்லர் பெண்ணிடம் அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். போனைக் கல்யாணம் முடிந்து பீரோவிலிருந்து எடுக்கிறேன். “சாப்பிட்டியா” என்று நீங்களே எழுதினால் போதும், நான் பதில் போடுவேன். இன்னொரு பொய் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டேன். இது மிரட்டல்தான்.

செப்டம்பர் மூன்றாம் தேதி, கல்யாணத்தன்று காலையில் கோயிலுக்கு வருகிற வழியில் அந்த அண்ணாச்சி கடையில் ஒரு பன் வாங்கி வாருங்கள், அத்தான். இரண்டு வேண்டாம், ஒன்றே போதும், பிய்த்துக்கொள்ளலாம். டீ நான் போட்டு வைக்கிறேன். சர்க்கரை போட்டே வைக்கிறேன்.

ஜெபி